கூட யாரு வந்திருக்கா

“நுனியிலேர்ந்து, செண்பகம், நுனியிலேர்ந்து வா” என்று இமானி சொல்லி முடிப்பதற்குள் சீப்பு உச்சந்தலையில் இறங்கிச் சிக்கி நின்றுவிட்டது, கண்ணில் தண்ணீர் முட்டியது. “ஐயையோ, ஸாரிக்கா, எங்க ஊர்ல மேலருந்துதான் சீவுவோம்” என்றாள் செண்பகவல்லி பின்னாலிருந்து. எல்லா ஊரிலும் மேலேயிருந்துதான் சீவுவார்கள், இந்தத் தலைக்கு மட்டும்தான் தலைகீழ்ச் சட்டம், ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் தொட்டு, நுனிச் சிக்கை முதலில் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும், இல்லையென்றால் சீப்புக்குத்தான் பல் போகும். இதையெல்லாம் அவள் யாருக்கும் இதுவரை சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை, அம்மா போன பிறகு இந்தத் தலையில் இன்னொருத்தி கை படுவது இதுதான் முதல் தடவை. பங்குனி மாதத்துச் சாயங்காலம், புரசைவாக்கத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியின் மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதில் விடுதி வார்டன் இமானி, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கோவில்பட்டிக்காரி செண்பகவல்லி, ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள், இன்றைக்கு ஓய்வு நாள். வேலூரில் ஒரு கல்யாணம், ரெட்டை ஜடை போட்டு விடுறியா என்று இமானிதான் போய்க் கேட்டாள். நாற்பதைத் தாண்டிய பொம்பளை கல்யாணத்துக்கு ரெட்டை ஜடை போட்டுக்கொண்டு போகிறாளாம், பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா, வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது, என்ன செய்ய. கல்யாணமும் இல்லை, வேலூரும் இல்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு அவள் ஆபரேஷனுக்காக ஒரு ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும், முடியை ரெட்டை ஜடையாகப் பின்னிக்கொண்டு வா என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் தலையில் மாட்டும் குல்லா ஏறாதாம். தானே பின்னிக்கொள்ளலாம் என்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள், தூக்கிய கையைக் கொஞ்ச நேரம் தூக்கிய மாதிரி வைத்திருக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது, கண்ணாடியில் இருந்த முகம் தூரத்துக்குப் போய்ப் போய் வந்தது. சரி என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

குல்லாவா பிரச்சினை, குல்லா ஏறாவிட்டால் ரெண்டு குல்லாவை ஒட்டித் தைக்கச் சொல்லலாம். பிரச்சினை அந்தக் கவுண்டர். ஏற்கெனவே ரெண்டு தடவை பையைத் தூக்கிக்கொண்டு போய் ரெண்டு தடவையும் திரும்பி வந்தாயிற்று, விடுதியில் ஒருத்திக்கும் தெரியாது. கவுண்டரில் இருக்கிற பெண் பெயர் கேட்டாள், வயசு கேட்டாள், எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாள் இமானி, அப்புறம் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து “கூட யாரு வந்திருக்கா?” என்றாள். ராத்திரி கூடவே இருக்க ஒரு லேடி அட்டெண்டர் வேணும், மருந்து வாங்க, டாக்டர் கூப்பிட்டால் ஓட, யாரு? “வண்டி நிறுத்திட்டு வர்றாங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள் இமானி, வண்டியை நிறுத்திவிட்டு வருகிற அந்த இல்லாத ஆளைத் தேடுகிற மாதிரி கேட் வரைக்கும் நடந்தாள், எதிரே இருந்த கடையில் ஒரு டீ குடித்தாள், பஸ் வந்தது, ஏறிவிட்டாள். ரெண்டாவது தடவை கொஞ்சம் தேறியிருந்தாள், “ஊர்லேர்ந்து வந்துட்டே இருக்காங்க” என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்தாள், பார்க்கப் பார்க்க அவளுக்கே நிஜமாக யாரோ வரப்போகிறார்கள் என்று தோன்றிவிட்டது, கதவு திறக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒரு குதி குதித்தது, கண்றாவி. மத்தியானம் எழுந்து வந்துவிட்டாள். டாக்டரம்மா போனில் கத்தினார். “இது மூணாவது தேதி இமானி, இதுக்கு மேல தள்ளினா நான் பொறுப்பில்ல, மாசாமாசம் எவ்வளவு ரத்தம் போகுதுன்னு உனக்கே தெரியும், ஒருநாள் எங்கயாவது ரோட்டுல விழுந்து கெடக்கப்போற.” தெரியும் டாக்டர். வர்றேன் டாக்டர். கூட்டிட்டு வர்றேன் டாக்டர். யாரைக் கூட்டிக்கொண்டு போவது? நாளைக்குள் ஒரு மனுஷியைக் கேட்டாக வேண்டும், கேட்க வேண்டிய மனுஷி முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறாள், கேட்டால் என்ன, வாயில் என்ன கொழுக்கட்டையா.

சொல்லப்போனால் அதுதான் வேடிக்கை. இந்த விடுதியில் எவளுக்கு டெங்கு வந்தாலும், எவளுக்கு ராத்திரியில் வயிற்றைப் புரட்டினாலும், கவுண்டரில் “கூட யாரு” என்று கேட்கும்போது “நான்தான்” என்று முன்னால் போய் நின்றவள் இமானி. இமா அக்கா இருக்காங்கல்ல. தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டுமா, இமா அக்கா. எவளுடைய பழைய காதலனோ வாசலில் வந்து நின்று கலாட்டா பண்ணுகிறானா, இமா அக்கா. அவங்களுக்கென்ன, இரும்பு மாதிரி, ஆப்பிரிக்காக் கட்டையாச்சே! அந்த ஆப்பிரிக்காவை இமானி கண்ணால் கண்டதில்லை. தான்சானியாவிலிருந்து கிண்டிக்குப் படிக்க வந்தவர் அப்பா, பெரம்பூரில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவள் அம்மா ரோஸ்லின், கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள், குழந்தைக்கு அவர் தன் ஊர்ப் பாஷையில் பெயர் வைத்தார், அது நடை பழகும் முன்பே ஊருக்குப் போனார், போனவர் போனவர்தான். மிச்சம் விட்டுப்போனது அவருடைய நிறமும் இந்த முடியும். பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்ததும் பி.டி. மாஸ்டர் ரத்தினசாமிக்குத் தலைகால் புரியவில்லை. “இது ஆப்பிரிக்க ரத்தம், ஓடாது, பறக்கும்” என்று ஹெட்மாஸ்டரிடம் அளந்துவிட்டு, ஒரு தடவைகூட ஓடவிட்டுப் பார்க்காமல், நேராக மண்டலப் போட்டியில் நூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இமானி கடைசி. கடைசி என்றால் சும்மா கடைசி இல்லை, மற்றவர்கள் கோட்டைத் தாண்டி, தண்ணீர் குடித்து, திரும்பிப் பார்த்தபோதும் இவள் வந்துகொண்டே இருந்தாள். “வேணும்னே மெதுவா ஓடுறா, திமிரு” என்றார் மாஸ்டர், அடுத்த வருஷமும் பெயர் கொடுத்தார். டாக்டர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது, மூச்சு வாங்குது என்று போய் நின்றால் “உன் உடம்புக்கு என்னம்மா, நல்லா திடமா இருக்க, முகத்துல வெளுப்பே இல்லியே” என்று டானிக் எழுதி அனுப்பினார்கள். இந்த முகத்தில் வெளுப்பு எங்கே தெரியும், உடம்பிலிருக்கிற ரத்தமெல்லாம் போனாலும் தெரியாது. இந்த டாக்டரம்மாதான் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்து “அடிப்பாவி, சுண்ணாம்பு மாதிரி இருக்கு, எப்படிடி நடமாடுற?” என்று அதிர்ந்து போனார். அப்புறம் “அப்பா எந்த ஊரு?” என்றார். பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் பிறந்ததிலிருந்து கேட்கிற அதே கேள்வி, சுர்ரென்று ஏறியது இமானிக்கு, ஆனால் அந்தம்மா கேட்டது வேறு காரணத்துக்கு. ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்களுக்குக் கர்ப்பப்பையில் இந்த மாதிரிக் கட்டி வருவது அதிகம், சின்ன வயசிலேயே வரும், பெரிதாகவும் வளரும், இதுல உன் தப்பு ஒண்ணுமில்ல. உன் தப்பு ஒண்ணுமில்ல என்று ஒரு டாக்டர் சொல்லி அவள் கேட்டதில்லை. எங்கே அழுதுவிடுவோமோ என்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சீப்பின் வால் நடுமண்டையில் ஒரு கோடு இழுத்தது, வகிடு, அந்தக் கோட்டில் காற்று வந்து பட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடல் காற்று இறங்கிவிட்டது. மெட்ராஸில் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது, பனி போனதும் வெயில் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஆனாலும் இந்தப் பங்குனியில் சாயங்காலம் ஆனால் ஏதோ ஒன்று நடக்கத்தான் செய்கிறது, பக்கத்து வீட்டுப் புங்கமரம் நேற்றுவரை மொட்டையாக நின்றது, இன்றைக்குப் பார்த்தால் மினுமினுவென்று தளிர், மாடியெல்லாம் அதன் குட்டிப் பூக்கள் பொரி மாதிரி சிதறிக் கிடக்கின்றன. நன்றாக இருக்கிறது. சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும், ஆனால் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. ஆபரேஷனுக்குத் தாங்க வேண்டுமே என்று இரும்புச் சத்து டிரிப் ஏற்றினார்கள், காலையில் கொஞ்சம் நட என்றார்கள், இன்றைக்கு மாடிப்படியில் ஒரே இடத்தில்தான் நின்றாள், போன மாதம் படிக்குப் படி நின்றவள். ராத்திரி தூக்கத்தில் யாரோ நெஞ்சில் உட்காருகிற மாதிரி வருமே, அதுகூட இந்த வாரம் வரவில்லை. செண்பகத்தின் விரல் இப்போது பழகிவிட்டது, எண்ணெயைத் தொட்டுத் தொட்டு நுனியிலிருந்து ஏறி வருகிறது, அம்மா சனிக்கிழமை சாயங்காலம் இப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வேண்டும் என்பதற்காக, முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு, ஆரம்பத்தில் அவளுக்கும் தெரியாது, மேலேயிருந்துதான் இழுத்திருக்கிறாள், குழந்தை அலறியிருக்கிறது. கிளாஸில் கம்பி நாரு என்றார்கள், பாத்திரம் தேய்க்கலாம் என்றார்கள், பஸ்ஸில் பின் சீட்டுக்காரி கேட்காமலே கையை விட்டு அமுக்கிப் பார்த்தாள், அய்ய, பஞ்சு மாதிரி இருக்கு. அன்றையிலிருந்து ஸ்கார்ஃப். நாளைக்கு ஸ்கார்ஃபைக் கழற்றிவிடுவார்கள். கழற்றி, குல்லா போட்டு, மூக்கில் எதையோ வைத்து, ஒன்று ரெண்டு எண்ணு என்பார்கள், எண்ணிக்கொண்டே போய்த் திரும்பி வராமல் போய்விட்டால், அப்பவும் வெளியே வந்து கூப்பிடுவார்கள், இமானியோட கூட யாரு, இமானியோட கூட யாரு என்று, அந்த வராந்தாவில் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். சீ, வாயை மூடு மனசே.

“அக்கா, ஒண்ணு கேட்டாக் கோச்சுக்க மாட்டீங்களே” என்றாள் செண்பகம். “இன்னா?” “வேலூர்க் கல்யாணத்துக்குத் தலையில பூ வப்பீங்களா?” “பூவா? தெரியலியே.” “நெயில் பாலிஷ அழிச்சிட்டீங்க. மூக்குத்தியக் கழட்டிட்டீங்க. காதுக்குப் பின்னால இறக்கிப் போடுன்னு வேற சொன்னீங்க. நான் தெனம் எங்க வார்டுல இந்த ஜடையத்தான்க்கா போட்டு விடுதேன்.” இமானிக்குக் காது சுட்டது. நர்ஸிடம் போய் இந்தப் பொய்யைச் சொன்ன புத்தியை என்னவென்று சொல்ல, மாட்டுக்காரனிடமே மாட்டை மறைத்த கதை. ஒரு மாதிரி சமாளிக்கலாமா என்று பார்த்தாள், முடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடமிருந்து எங்கே எழுந்து ஓடுவது. “என்னைக்குக்கா?” “நாளைக்கு.” “கட்டியா?” “ம்.” “எனக்குத் தெரியும். படியில நின்னு நின்னு ஏறும்போதே நெனச்சேன், அக்கா தானா சொல்லட்டும்னு இருந்தேன்.” விரல்கள் நிற்கவில்லை, மூன்று கால் எடுத்துப் பின்னத் தொடங்கியாயிற்று, ஒரு இழுப்பு, ஒரு மடிப்பு. அப்புறம் அவளும் கேட்டாள், எல்லா நர்ஸும் கேட்கிற மாதிரி, எல்லாக் கவுண்டரும் கேட்கிற மாதிரி. “கூட யாரு?” “வந்துட்டே இருக்காங்க” என்று இமானியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. “யாரு?” “பெரிம்மா பொண்ணு.” “எங்கருந்து?” “வேலூர்லேர்ந்து.” “அங்கதானக்கா கல்யாணம்னீங்க” என்றாள் செண்பகம், குரலில் சிரிப்பு இல்லை.

பெரியம்மா மகள் என்று ஒருத்தி இருக்கிறாள், இல்லாமல் இல்லை. அம்மாவின் சொந்தக்காரர்கள் யாரும் அவள் அப்பாவைக் கட்டிக்கொண்ட பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை, அம்மாவும் போய் நிற்கவில்லை. “யார் கிட்டயும் போய் நிக்காத, இமா. உன்னப் பெத்தப்பகூட நான் யார் கிட்டயும் போய் நிக்கல, தனியாத்தான் போனேன், தனியாத்தான் பெத்தேன், தனியாத்தான் தூக்கிட்டு வந்தேன்” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள், மார்பு நிமிர்ந்திருக்கும் அதைச் சொல்லும்போது. தனியாத்தான் பெத்தேன். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த உடம்பு இது, முதுகெலும்புக்குப் பதிலாக அந்த வாக்கியத்தைத்தான் வைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் ஒரு தடவை, கடைசியாகப் படுத்துக் கிடந்தபோது, மருந்து மயக்கத்தில் அம்மா வேறு மாதிரி சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரியோட மாமியா, பேரு தெரியாது, திருத்தணிப் பக்கம், அவதான் ஃபிளாஸ்குல வெந்நீ எடுத்துட்டு வந்தா, எனக்குக் கஞ்சி ஊட்டிவிட்டா, உன்னக் கையில வாங்கிக் கறுப்புத் தங்கம்னு சொன்னா, மூணு நாளும் அவதான் பாத்தா. இமானிக்கு அது அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை, சாகப்போகிறவள் உளறுகிறாள் என்று விட்டுவிட்டாள். இப்போது, தலையை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, ஏறுகிறது. அடி அம்மா, தனியாப் பெத்தேன்னு என்னமா அளந்துட்ட! கூட ஒருத்தி இருந்திருக்கா. வெந்நீரும் கஞ்சியும் கொடுத்து மூன்று நாள் இருந்திருக்கிறாள், அவளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டாய், அந்தப் பாதிக் கதையை வைத்துக்கொண்டு உன் மகள் ரெண்டு தடவை கவுண்டர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

“யாருமில்லடி” என்றாள் இமானி. தன் குரலா அது என்று இருந்தது, குறுகிப்போய், சின்னப் பிள்ளைக் குரலாட்டம். “வேலூர்ல எனக்கு ஒரு ஆளும் கெடையாது. ரெண்டு வாட்டி போய்ட்டு, கூட யாருன்னு கேட்டாங்கன்னு திரும்பி வந்துட்டேன். நீ வர்றியா, செண்பகம்? எனக்குப் பயமா இருக்கு.”

பதில் இல்லை. யாரோ கீழே மோட்டார் போட்டிருக்கிறார்கள், தலைக்கு மேலே தொட்டியில் தண்ணீர் தடதடவென்று விழுகிறது, பின்னால் விரல்களும் நின்றுவிட்டன. போச்சு. சொல்லியிருக்கக்கூடாது. பாவம், அதற்குக் கிடைப்பதே வாரத்தில் ஒரு ஓய்வு நாள், அதையும் இன்றைக்கு என் தலையில் செலவழித்துவிட்டது, நாளைக்கு டியூட்டி இருக்கும், டியூட்டி முழுக்க மருந்து நாற்றம், அது போதாதென்று வந்து என் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படு என்று கேட்கிறேன், எனக்கு அறிவு இருக்கிறதா. என்ன சொல்லித் தட்டிக் கழிக்கலாம் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கும், ஊர்லேர்ந்து அம்மா வர்றாங்கக்கா என்று சொல்லும், சொல்லட்டும், நானே முந்திக்கொண்டு சொல்லிவிடலாம், சும்மாதான் கேட்டேன், வேற ஆள் இருக்காங்க, வண்டி நிறுத்திட்டு வர்றாங்க. நாளையிலிருந்து இந்தப் பெண்கள் பார்க்கிற பார்வை மாறிப்போகும், கேனைத் தூக்க வந்தால் வேணாங்க்கா என்பார்கள், பயமா இருக்காம் இமா அக்காவுக்கு என்று குசுகுசுப்பார்கள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பயமா இருக்கு. சொல்லியாயிற்று, காற்றோடு போயாயிற்று, இனி பிடித்து வாய்க்குள் போட முடியாது. ஆனால் இது என்ன, வானம் இடிந்து விழவில்லையே. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், துடிப்பு படபடவென்றுதான் இருந்தது, ஆனாலும் அதற்குக் கீழே ஏதோ ஒன்று இளகியிருந்தது, இத்தனை வருஷமாக இறுக்கிப் பிடித்திருந்த கை ஒன்று சோர்ந்துபோய் விரலைத் திறந்த மாதிரி. இவள் மாட்டேன் என்றால் என்ன, விடுதி முழுக்கப் பெண்கள்தானே, இன்னொருத்தியைக் கேட்பேன். அவளும் மாட்டேன் என்றால் இன்னொருத்தி. பக்கத்துக் கட்டில்காரியைக்கூடக் கேட்பேன். கேட்க வாய் வந்துவிட்டது, இனிமேல் என்ன. நாளைக்கு எட்டு மணிக்கு நான் போகிறேன். எது எப்படி இருந்தாலும் போகிறேன்.

“என்னக்கா அழுறீங்க?” என்று செண்பகம் முன்னால் எட்டிப் பார்த்தாள், கையில் இருந்த ரிப்பனில் எச்சில் ஈரம். “நீ ஒண்ணும் சொல்லலியே” என்றாள் இமானி. “ஆத்தாடி! வாயில ரிப்பன், ரெண்டு கையும் ஜடையில, விட்டா எல்லாம் அவுந்துரும், நான் எப்பிடிப் பேசுறது? தலைய ஆட்டுனேன்ல, ‘ம்’முன்னு கூடச் சொன்னேன், இந்தத் தண்ணிச் சத்தத்துல உங்களுக்கு எங்க கேக்கப் போவுது.” இமானி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “டியூட்டிய மாத்திக்கிடுதேன், மெர்லினுக்கு நான் எத்தன தடவ பாத்திருக்கேன், அவ பாக்கட்டும். எட்டு மணின்னா ஏழுக்கே கெளம்பணும். ஒரு ஃபிளாஸ்க் வேணும், பெட்ஷீட்டு வேணும். கவுண்டர்ல என்ன முறைன்னு கேப்பாங்களே, தங்கச்சின்னு சொல்லிருதேன்.” “ரெண்டு மூஞ்சியும் பாத்துட்டுச் சிரிப்பாங்கடி” என்றாள் இமானி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “சிரிச்சாச் சிரிக்கட்டும். அப்பா வேற வேறன்னு சொல்லுவோம், பொய்யா என்ன?” இமானிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அழுகை நிற்கவுமில்லை, ரெண்டும் சேர்ந்து தோள் குலுங்கியது, ஸ்டூல் கிரீச்சிட்டது, எத்தனை மாதமாயிற்று இப்படி வயிறு வலிக்கச் சிரித்து.

“ஆடாதீங்கக்கா” என்று செண்பகம் தலையை ரெண்டு கையாலும் பிடித்து நேராக்கினாள், “இன்னும் ஒரு பக்கம் கெடக்கு.”